உள்ளங்கைக் கணினியில் கிராபிக்ஸ் அட்டை: தமிழுக்கு ஆகும் செலவு

ராஸ்பெரி பை 5 என்ற உள்ளங்கை அளவுக் கணினிப் பலகையின் ஓரத்தில் விரல் நகத்தின் அகலமே உள்ள ஒரு இணைப்பான் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் 16 தொடுபுள்ளிகள். மேலே கறுப்புத் தாழ்ப்பாள் ஒன்று. அதை நகத்தால் மெல்லத் தூக்கி, பட்டைக் கம்பியைச் செருகி, மறுபடி அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் தாழ்ப்பாள் உடைந்துவிடும். பை வரிசையின் வழக்கமான பலகைகளில் பிசிஐஇ எனப்படும் அதிவேகத் தரவுத் தடம் இப்படி வெளியே எட்டியது, 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இந்தப் பலகையில்தான் முதன்முறை. எஸ்எஸ்டி சேமிப்பகம் பொருத்துவதற்காக வைத்த அந்தச் சிறு வழியில் இன்று முக்கால் கிலோவுக்கும் மேல் எடையுள்ள கிராபிக்ஸ் அட்டைகளை மாட்டி, செயற்கை நுண்ணறிவு மாடல்களை வீட்டு மேசையிலேயே ஓட்டுகிறார்கள்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இதனால் யாருக்கு என்ன பயன்? பத்திர எழுத்தர்களை முதலில் நினைத்துப் பார்க்கிறேன். மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள தட்டச்சுக் கடைகளில் ஒரு நாளில் கைமாறும் தாள்களில் இல்லாத அந்தரங்கம் கிடையாது. ஆதார் நகல், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பாகப்பிரிவினைக் கணக்கு, வாரிசுச் சான்று. இவற்றை எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு ஏற்றி "சுருக்கிக் கொடு" என்று கேட்பது, வாடிக்கையாளரைக் கேட்காமல் அவருடைய பீரோவைத் திறந்து காட்டுவதுதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சட்டம் வருவதற்கு முன்பும் அது தவறுதான். புதுச்சேரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு முடிவதற்கு முந்தைய பல சொத்து ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்கின்றன. தாத்தா காலத்து வீட்டை விற்கப் போகும்போது பிரெஞ்சு தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தட்டச்சில் இருக்கும் பிரெஞ்சுப் பக்கத்தை முதல் வாசிப்புக்குத் தமிழில் தர, இன்றைய நடுத்தர மாடலால் முடியும். தாள் வெளியே போகாமல் அது நடக்க வேண்டும் என்பதே கேள்வி.

மாடல் நம் மேசையிலேயே ஓட வேண்டுமென்றால், அதன் வேகத்தைத் தீர்மானிப்பது எது என்று தெரிய வேண்டும். பலரும் பிராசஸரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நினைவகத்தின் வேகத்தை.

மாடல் என்பது எண்களின் பெரும் குவியல். கூகுள் 2025 மார்ச்சில் வெளியிட்ட கெம்மா 3 மாடலின் நடுத்தர அளவில் 1,200 கோடி எண்கள் உள்ளன. ஒவ்வொரு எண்ணையும் 16 பிட்டில் வைத்தால் 24 ஜிபி ஆகும். 4 பிட்டுக்குச் சுருக்கினால் ஏறத்தாழ 6.6 ஜிபி. மாடல் பதிலை ஒரேயடியாக எழுதுவதில்லை. டோக்கன் எனப்படும் சொல் துண்டுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறது. ஒவ்வொரு துண்டை எழுதும்போதும் அந்த 6.6 ஜிபி முழுவதையும் ஒருமுறை படித்து முடிக்க வேண்டும். பை 5இன் நினைவகம் உச்சத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 17 ஜிபி தரும். 17ஐ 6.6ஆல் வகுத்தால் 2.6. பிராசஸர் எவ்வளவு திறமையாக உழைத்தாலும் வினாடிக்கு மூன்று டோக்கனைத் தாண்ட வழியில்லை. நடைமுறையில் இன்னும் குறையும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி அட்டையில் 12 ஜிபி நினைவகமும் வினாடிக்கு 384 ஜிபி வேகமும் உள்ளன. அதே வகுத்தல் இங்கே 58 என்று வருகிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி) 360 ஜிபி வேகத்தோடு அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. இவை காகிதக் கணக்கின் உச்சவரம்புகள். நிஜத்தில் கிடைப்பது குறைவாக இருந்தாலும், பலகைக்கும் அட்டைக்கும் இடையே உள்ள இருபது மடங்குக்கு மேலான இடைவெளி அப்படியே நிற்கும்.

இங்கேதான் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே சந்தேகத்தை எழுப்புகிறார்கள். பெரிய கணினியில் கிராபிக்ஸ் அட்டைக்கு 16 பிசிஐஇ தடங்கள் உண்டு. பை 5இல் இருப்பது ஒரே ஒரு தடம், அதுவும் வினாடிக்கு 500 எம்பி மட்டுமே தரும் இரண்டாம் தலைமுறை. அதிகாரபூர்வ உத்தரவாதம் இல்லாமல் மூன்றாம் தலைமுறைக்கு உயர்த்தினாலும் 1 ஜிபியைத் தொடாது. இவ்வளவு குறுகிய வழியில் அவ்வளவு பெரிய அட்டை மூச்சுத் திணறாதா?

திணறாது. நெல் மூட்டைகளைக் குறுகிய சந்து வழியாகக் கிடங்குக்குள் கொண்டுபோக நேரமாகும். உள்ளே அடுக்கியபின் அரவை நடப்பது கிடங்குக்குள்ளேயே என்றால் சந்தின் அகலம் யாரையும் தடுக்காது. மாடலின் எண்கள் ஒருமுறை அட்டையின் நினைவகத்துக்குப் போய்விட்டால், அதன்பின் அந்தத் தடத்தில் போய்வருவது மிகக் குறைவு. கெம்மா 3இன் சொற்பட்டியலில் சுமார் 2,62,000 துண்டுகள். அடுத்து எது வரலாம் என்று ஒவ்வொரு முறையும் அத்தனை துண்டுகளுக்கும் போடும் மதிப்பெண்களை அட்டை பலகைக்குத் திருப்பி அனுப்பினாலும், துண்டுக்கு 4 பைட் வீதம் 1 எம்பிதான். வினாடிக்கு 40 டோக்கன் என்றால் 40 எம்பி. 500 எம்பி வழியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஏற்றும் நேரம் மட்டும் கூடும். அதற்கும் பெரும்பாலும் தடம் காரணமில்லை. கோப்பு இருக்கும் இடம்தான் காரணம். இருக்கும் ஒரே தடத்தை அட்டை எடுத்துக்கொண்டதால் எஸ்எஸ்டியை அங்கே மாட்ட முடியாது. மைக்ரோ எஸ்டி அட்டையிலிருந்து வினாடிக்கு 90 எம்பி வீதம் படித்தால் 6.6 ஜிபி ஏற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். யுஎஸ்பி 3 வழியாக எஸ்எஸ்டியை இணைத்தால் கால் நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். காலையில் கடை திறக்கும்போது ஒருமுறை ஏற்றினால் போதும் என்பதால், இதைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதை மீறினால் எல்லாம் வீண்: மாடல் முழுவதும் அட்டைக்குள் அடங்க வேண்டும். 1 ஜிபி அளவு மிஞ்சிப் பலகையின் நினைவகத்தில் தங்கிவிட்டாலே, அதைப் படிக்க ஒவ்வொரு டோக்கனுக்கும் 59 மில்லிவினாடி போய்விடும். அட்டை எவ்வளவு வேகமாக இருந்தாலும் மொத்த வேகம் வினாடிக்கு 17ஐத் தாண்டாது. ஆகவே அட்டை வாங்கும்போது அதன் நினைவக அளவே முதல் எண். அட்டை புதியதா, விளையாட்டுகளுக்கு உகந்ததா என்பதெல்லாம் பிறகு. 8 ஜிபி அட்டை 800 கோடி எண்கள் கொண்ட மாடலுக்குச் சரி. 12 ஜிபி இருந்தால் நிம்மதி. 16 ஜிபி இருந்தால், ஓபன்ஏஐ 2025 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்ட 2,100 கோடி எண்கள் கொண்ட மாடலும் அடங்கும். அந்த மாடலில் ஒரு நுட்பம் உண்டு: ஒவ்வொரு டோக்கனுக்கும் 360 கோடி எண்களே வேலைக்கு வருகின்றன. படிக்க வேண்டியது குறைவதால் வேகம் கூடுகிறது. மறுபுறம், பலகையில் 16 ஜிபி வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. கோப்பு பலகை வழியாக அட்டைக்குப் போய்விடுவதால் 4 அல்லது 8 ஜிபி பலகையே போதும்.

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் இது நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன. 2020இல் வந்த, பை குடும்பத்தைச் சேர்ந்த கம்ப்யூட் மாட்யூல் 4 பலகையில் பிசிஐஇ தடம் இருந்தது. ஆர்வலர்கள் அட்டைகளை மாட்டிப் பார்த்தார்கள். விசிறி சுற்றியது, லினக்ஸ் இயங்குதளம் அட்டையை அடையாளம் கண்டது, அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏறும்போது கணினி உறைந்தது. காரணம் ஆழமானது. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் பிராசஸர் தனக்கென வைத்திருக்கும் கேச் என்ற சிறு நினைவகத்தில் இருப்பதும் பிசிஐஇ கருவி பார்ப்பதும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்படி வன்பொருளே பார்த்துக்கொள்கிறது. பை பலகையின் சிப்பில் அந்த ஏற்பாடு இல்லை. பிராசஸர் ஒரு கட்டளையைத் தன் கேச்சில் எழுதி வைத்திருக்கும். அட்டையோ நினைவகத்தில் கிடக்கும் பழையதைப் படிக்கும். போதாதென்று, ஆர்ம் பிராசஸர்கள் கருவி நினைவகத்தில் வரிசை தவறிய (சீரான பைட் எல்லையில் தொடங்காத) முகவரிகளைத் தொட்டால் பிழை எழுப்பி நின்றுவிடும். கிராபிக்ஸ் டிரைவர்களை எழுதியவர்கள் இன்டெல் வகைக் கணினியை மனதில் வைத்தே எழுதியதால், இந்த இரண்டையும் பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டியதாகவே இருக்கவில்லை.

அட்டையோடு பகிரும் நினைவகத்தைக் கேச்சில் சேராதபடி குறிப்பது, வரிசை தவறிய அணுகல்களைப் பிடித்துச் சரிசெய்வது என்று தன்னார்வலர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குத் திருத்தங்களைத் துண்டு துண்டாக எழுதினார்கள். அமெரிக்கரான ஜெஃப் கீர்லிங் ஆண்டுக்கணக்கில் அட்டை அட்டையாகச் சோதித்து, எது எங்கே நின்றது என்பதைப் பொதுவில் எழுதி வைத்தார். 2024 இறுதியில் பை 5இல் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி அட்டையை மாட்டி மொழி மாடலை ஓட்டிக் காட்டினார். 2025இல் இன்டெல், என்விடியா அட்டைகளும் திருத்தங்களின் துணையோடு பையில் ஓடின. சம்பளம் இல்லாமல் இரவுகளைச் செலவிட்டுக் கர்னல் பிழைகளைத் துரத்திய அந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. தோற்ற முயற்சிகளையும் அவர்கள் ஒளிக்காமல் எழுதி வைத்ததால்தான் அடுத்தவர் அங்கிருந்து தொடர முடிந்தது.

மென்பொருள் பக்கம் நன்றி சொல்ல வேண்டியது பல்கேரியரான ஜார்ஜி கெர்கனோவ் 2023 மார்ச்சில் தொடங்கிய, மொழி மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்ட உதவும் லாமா.சிபிபி திட்டத்துக்கு. ஏஎம்டியின் சொந்தக் கணிப்புத் தளமான ராக்எம் ஆர்ம் கணினிகளுக்கு வரவில்லை. லாமா.சிபிபி அதை நம்பாமல், விளையாட்டுகளுக்காகப் பிறந்த வல்கன் என்ற பொதுவான வழியில் அட்டையிடம் பேசுகிறது. அந்த வழி ஏஎம்டிக்கும் இன்டெலுக்கும் என்விடியாவுக்கும் ஒன்றே.

இனி, வேகப் பட்டியல்கள் சொல்லாமல் விடும் விஷயத்துக்கு வருகிறேன். வினாடிக்கு இத்தனை டோக்கன் என்று பார்க்கும் எண்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அளந்தவை. தமிழில் எழுதும்போது அதே எண் வேறு பொருள் தருகிறது.

புதுச்சேரி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சில் அது 10 எழுத்து. கணினியில் 11 பைட். தமிழில் எழுதினால் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியுமாகப் பத்து யூனிகோடு குறிகள், குறிக்கு 3 பைட் வீதம் 30 பைட். டோக்கன் பட்டியலைத் தயாரிக்கும் நிரல், தான் படித்த உரையில் அடிக்கடி வரும் பைட் தொடர்களைச் சேர்த்துத்தான் துண்டுகளை உருவாக்குகிறது. ஆங்கிலமும் பிரெஞ்சும் நிறைந்த உரையில் தமிழ் அரிதாக வந்ததால் தமிழ்ச் சொற்களுக்கு முழுத் துண்டுகள் கிடைக்கவில்லை. 2023 ஜூலையில் வந்த, மெட்டா நிறுவனத்தின் லாமா 2 மாடலின் பட்டியலில் 32,000 துண்டுகள். தமிழுக்குக் கிடைத்தவை சில தனி எழுத்துகள் மட்டுமே. பட்டியலில் இல்லாத ஓர் எழுத்து மூன்று பைட்டாக உடைந்து மூன்று டோக்கன் ஆனது. அதனால்தான் அதே ஆண்டு நவம்பரில் வந்த தமிழ் லாமா திட்டம் 16,000 தமிழ்த் துண்டுகளைப் புதிதாகச் சேர்த்தது. கெம்மா 3இன் பெரிய பட்டியல் தமிழை ஓரளவு முழுசாக எடுத்துக்கொள்கிறது. 2024 அக்டோபரில் வந்த சர்வம்-1, தமிழ் உட்பட பத்து இந்திய மொழிகளுக்கென்றே பட்டியலைத் தயாரித்தது. ஆனால் அது 200 கோடி எண்கள் கொண்ட சிறிய மாடல். பத்திரத்தின் சிக்கலான வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் வேலைக்கு நான் அதை நம்பமாட்டேன்.

இந்தச் செலவைத் தமிழ் மூன்று இடங்களில் கட்டுகிறது. எழுதும் வேகம் குறைவது முதலாவது: ஒரு தமிழ்ச் சொல்லுக்கு சராசரியாக ஆறு டோக்கன் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 12 டோக்கன் தரும் இயந்திரம் இரண்டே சொற்களைத் தருகிறது. ஆங்கிலத்தில் கேட்டவருக்கு அதே இயந்திரம் வாசிக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்கும். இரண்டாவது, கொடுத்த தாளைப் படிக்கும் நேரம். இந்த வேலையில் நினைவகத்தைவிடக் கணக்கிடும் வலுவே தடையாக நிற்கும். 2,000 டோக்கன் நீளமுள்ள பத்திரத்தை 1,200 கோடி மாடலிடம் கொடுத்தால் பை தனியாக நிமிடக்கணக்கில் யோசிக்கும், அட்டை சில வினாடிகளில் முடிக்கும். அதே பத்திரம் தமிழில் 5,000 டோக்கன் ஆனால் காத்திருப்பும் அந்த விகிதத்தில் நீளும். மூன்றாவது, உரையாடலை நினைவில் வைத்திருக்கும் இடம். லாமா 3.1இன் 800 கோடி மாடலில் ஒவ்வொரு டோக்கனுக்கும் 128 கேபி தேவை. 8,192 டோக்கன் சேர்ந்தால் சரியாக 1 ஜிபி. தமிழ்த் தாள்கள் இதை வேகமாக நிரப்பும். ஆங்கிலத்துக்கு 8 ஜிபி அட்டை போதும் என்று படித்துவிட்டு அதை வாங்கும் கடலூர்க்காரர், நீளமான தாளை ஒட்டும்போது இடம் போதாமல் நிற்பார்.

தமிழில் வேலை செய்பவருக்கு அட்டை ஆடம்பரம் இல்லை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆங்கிலத்தில் பலகையை மட்டும் வைத்து ஒப்பேற்றிவிடலாம். தமிழில் ஒப்பேறாது. மாடலைத் தேர்ந்தெடுக்கும்போதும் வினாடிக்கு எத்தனை டோக்கன் என்று கேட்காமல், நம்முடைய தாளில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, நிமிடத்துக்கு எத்தனை தமிழ்ச் சொற்கள் வருகின்றன என்று எண்ண வேண்டும்.

சரி, அட்டையைப் பழைய மேசைக் கணினியிலேயே போட்டால் என்ன? கேள்வி நியாயமானது. வீட்டில் நல்ல நிலையில் ஒரு கணினி சும்மா கிடந்தால் அதில் போடுவதே புத்திசாலித்தனம். கர்னலைத் தொகுக்க வேண்டாம், திருத்தங்களைத் தேட வேண்டாம், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பயப்பட வேண்டாம். பத்திர எழுத்தர் கேட்டால் இன்டெல் என்100 சிப் உள்ள சிறு கணினியையே சொல்வேன், எஸ்எஸ்டி செருகும் அதன் எம்.2 துளை வழியாக அட்டையை இணைக்கலாம், சிப் 6 வாட் வகையைச் சேர்ந்தது, டிரைவர் தொல்லையும் கிடையாது. அட்டையே வேண்டாம் என்பவருக்கு என்விடியாவின் ஜெட்சன் ஓரின் நானோ என்ற சிறு கணினிப் பலகை இருக்கிறது. 8 ஜிபி நினைவகம், வினாடிக்கு 102 ஜிபி வேகம், 25 வாட். ஆனால் அந்த 8 ஜிபியை இயங்குதளமும் பங்குபோட்டுக்கொள்ளும், கூட்டவும் முடியாது. கணினி எப்படி வேலை செய்கிறது என்று கற்க விரும்பும் கல்லூரி மாணவருக்குத்தான் பை சரியான இடம். கேச் என்பதைப் பாடநூலில் படிப்பதைவிட, அது ஒத்துப்போகாததால் அட்டை உறைவதைப் பார்த்தால் மறக்காது.

இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்க வேண்டிய வேலை என்றால் கணக்கு பலகையின் பக்கம் சாய்கிறது. பை சும்மா இருக்கும்போது மூன்று நான்கு வாட் எடுக்கும். மேசைக் கணினி 40 முதல் 60 வாட். 40 வாட் வித்தியாசம் ஓராண்டில் 350 யூனிட். அட்டை வேறு கதை: ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி முழு வேகத்தில் 230 வாட் இழுக்கும். பை அதற்கு மின்சாரம் தருவதில்லை. எஸ்எம்பிஎஸ் எனப்படும் தனி மின்வழங்கி வேண்டும், அட்டைக்கு மின்சாரம் வந்தபின்பே பையை இயக்க வேண்டும், இல்லையென்றால் தொடங்கும்போது அட்டை கண்ணில் படாது.

நம் கடற்கரையில் மின்சாரத்தை நம்பி மட்டும் திட்டம் போட முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் இணையமும் மின்சாரமும் படுத்தன. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் ஏட்டளவில் இருப்பது 1,800 வாட்-மணி. அட்டையை இடைவிடாமல் ஓட்டினால் ஏழெட்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த நாள்களுக்கு அட்டையை அணைத்துவிட்டு, கெம்மா 3இன் 400 கோடி மாடலைப் பையிலேயே ஓட்டலாம், 2.6 ஜிபி என்பதால் உச்சத்தில் வினாடிக்கு ஆறு டோக்கன் வரை வரும், சுமார் 10 வாட்டே போதும். அன்றைக்கு அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

உப்புக்காற்றைப் பற்றி வெளிநாட்டுக் குறிப்புகளில் ஒரு வரிகூட இருக்காது. தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ கடலைப் பார்த்த வீட்டில் அட்டையைத் திறந்த சட்டத்தில் நிறுத்தினால், அழகாக இருக்கும். ஆனால் விசிறி நாளெல்லாம் ஈர உப்பை உள்ளே இழுக்கும். செருகும் விளிம்பின் தொடுபுள்ளிகள் மங்கி, திடீரென்று ஒருநாள் அட்டை காணாமல் போகும். பழைய அட்டை வாங்குபவர்கள் கடையிலேயே அந்த விளிம்பையும் திருகுகளின் தலையையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். திருகில் துரு இருந்தால் உள்ளேயும் இருக்கும். மூடிய பெட்டி, துணி வடிகட்டி, அவ்வப்போது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது ஆகிய மூன்றும் இங்கே கட்டாயம். பட்டைக் கம்பியையும் முடிந்தவரை குட்டையாக வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் தலைமுறை வேகத்தில் பிழைகள் வந்தால் கூச்சப்படாமல் இரண்டாம் தலைமுறைக்கு இறக்கிவிடலாம். ஏற்றும் நேரத்தைத் தவிர எதுவும் மாறாது.

பத்திர வேலைக்குத் திரும்பினால், எல்லாம் ஒழுங்காக ஓடினாலும் ஒரு எல்லை இருக்கிறது. மாடல் பாகப்பிரிவினையின் பத்து வரி வாக்கியத்தைத் தெளிவான மூன்று வாக்கியங்களாக்கும். பிரெஞ்சுப் பக்கத்தில் யார் யாருக்கு எதை விற்றார் என்று சொல்லும். சர்வே எண் 142/3ஐ 143/2 என்றும் அதே நம்பிக்கையோடு எழுதும். எண்கள், அளவுகள், தேதிகள், நான்கு எல்லை விவரம் ஆகியவற்றை மாடலிடம் விடாமல், அவற்றை மட்டும் மூலத்திலிருந்து தனியே எடுத்துப் பக்கத்தில் வைக்கும் சிறு நிரலை எழுதிக்கொள்வதும், பத்திர எழுத்தர் ஒவ்வொன்றையும் தாளில் விரல் வைத்து ஒப்பிட்டு டிக் போடுவதும் இந்த ஏற்பாட்டின் பகுதியாகவே இருக்க வேண்டும். அதற்கு ஆகும் பத்து நிமிடத்தையும் சேர்த்துத்தான் மாடல் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியது என்று கணக்கிட வேண்டும்.